வீட்டு வைஃபை ஏன் இழுக்கிறது?
(இரட்டை அலைவரிசை ரூட்டரைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கும் முறை)



எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும். "தம்பி, நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிடாத வீடு இல்லை. நாமும் போகிறோம். ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். கொஞ்ச நேரம் சரியாகிறது. காபி கொடுக்கிறார்கள், குடித்துவிட்டு வருகிறோம். மறுநாள் பழைய கதைதான்.

அணைத்துப் போடுவது வைத்தியம் ஆகாது. காய்ச்சல் என்று வந்தவரை டாக்டர் முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற மாதிரி, நாமும் முதலில் அளக்க வேண்டும். ஏனென்றால் நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த வீட்டில் இரண்டாயிரம், மூவாயிரம் செலவழிக்கப் போகிறார்கள். "புது ரூட்டர் வாங்குங்க", "பெரிய பிளான் போடுங்க" என்று சொல்வதற்குப் படிப்பே தேவையில்லை. எந்த இடத்தில் வேகம் தொலைகிறது என்று காட்டுவதற்குத்தான் படிப்பு வேண்டும். அதற்கான வழியை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு அலைவரிசைகள்

இன்று வீடுகளில் இருக்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை இரட்டை அலைவரிசை ரூட்டர்கள். கடையில் 'டூயல் பேண்ட்' என்பார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு ரேடியோக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். மற்றது 5 கிகாஹெர்ட்ஸில் பேசும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 6 செ.மீ. தான். நீண்ட அலை சுவரை ஓரளவு தாண்டிப் போகும். குட்டை அலை சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். வெட்டவெளியிலேயே, ஒரே தூரத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 6.6 டெசிபெல் குறைவாக வந்து சேரும். அதாவது ஏறக்குறைய நாலரையில் ஒரு பங்கு. இதோடு செங்கல் சுவர், கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, கண்ணாடி பதித்த ஷோகேஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் 2.4 தானே நல்லது என்று தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2.4 பட்டையில் நமக்குக் கிடைக்கும் மொத்த அகலம் 2400 முதல் 2483.5 வரை, அதாவது 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதற்குள்தான் தெருவில் உள்ள எல்லா வைஃபையும், புளூடூத்தும், வயரில்லா மவுஸும் குடியிருக்கின்றன. 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். நம் நாட்டில் இந்தப் பட்டையை வைஃபை போன்ற குறைந்த திறன் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் வழி பிறந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 2018-ல் விதிகள் மேலும் தளர்த்தப்பட்டு, மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் இடம் கிடைத்தது. ஏழு மடங்குக்கும் அதிகம்!

சுருக்கமாகச் சொன்னால், 2.4 என்பது தொலைதூரம் போகும் சந்தைத் தெரு. 5 என்பது பக்கத்திலேயே முடிந்துவிடும் அகலமான பைபாஸ் ரோடு. எந்தக் கருவி எந்த ரோட்டில் போகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

எண்கள் நம்மை ஏமாற்றாமல் இருக்க

ரூட்டர் அட்டைப்பெட்டியைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலாவது, பிட்டும் பைட்டும். கம்பெனி சொல்லும் 200 எம்.பி.பி.எஸ். என்பது வினாடிக்கு 200 மெகா பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே டவுன்லோட் செய்யும்போது திரையில் வினாடிக்கு 25 மெகாபைட் வந்தால் அதுவே முழு வேகம். "இருநூறு சொல்லிட்டு இருபத்தஞ்சுதான் தர்றான்" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

இரண்டாவது, 'ஏ.சி. 1200' என்ற பெயர். இது 2.4 பட்டையின் 300-ஐயும், 5 பட்டையின் 867-ஐயும் கூட்டி, ரவுண்டாக்கிப் போட்ட எண். ஒரு போன் ஒரு சமயத்தில் ஒரு பட்டையில்தான் பேசும். ஆகவே 1200 எந்தக் கருவிக்கும் கிடைக்காது. 867 என்பதும் காற்றில் உள்ள இணைப்பு வேகமே. வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்ல வேண்டும். இந்தச் செலவெல்லாம் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ பாதிதான்.

மூன்றாவது, பலர் கவனிக்காத விஷயம். விலை குறைந்த ஏ.சி. 1200 ரூட்டர்கள் பலவற்றில், பின்னால் உள்ள லேன், வேன் துளைகள் 100 எம்.பி.பி.எஸ். வகையைச் சேர்ந்தவை. கிகாபிட் கிடையாது. அதன் வழியாகக் கைக்கு வருவது 94, 95 தான். காற்றில் 867 பேசத் தெரிந்த ரூட்டர், வாசலில் 94-க்கு மேல் உள்ளே விடாது. அண்டா நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் அளவுக்குத்தானே வரும்?

நான்காவது, சிக்னல் அளவு. இதை டி.பி.எம். என்ற அலகில், மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள். பூஜ்யத்துக்கு அருகே வர வர நல்லது. மூன்று டெசிபெல் குறைந்தால் திறன் பாதி. பத்து குறைந்தால் பத்தில் ஒன்று. கீழ்க்கண்ட அளவுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

மைனஸ் 50 அல்லது அதற்கு மேல்: அருமை.
மைனஸ் 60 வரை: மிக நன்று.
மைனஸ் 67 வரை: வீடியோ பேச்சு தடையின்றி ஓடும்.
மைனஸ் 75 வரை: செய்தி படிக்கலாம், படம் நின்று நின்று வரும்.
மைனஸ் 80-க்குக் கீழே: கம்பி தெரியும், வேலை நடக்காது.

ஒரு சின்னக் கணக்கு. ரூட்டர் 100 மில்லிவாட், அதாவது 20 டி.பி.எம். அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 67 வந்து சேர்ந்தால் வித்தியாசம் 87 டெசிபெல். அனுப்பியதில் 50 கோடியில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது! அதை வைத்துக்கொண்டே போன் படம் காட்டுகிறது. இந்த அற்புதத்தை நினைத்தால் ரூட்டர் மேல் கோபம் கொஞ்சம் குறையும்.

சோதனை முறை: ஐந்து படிகள்

கையில் ஒரு லேப்டாப் (கிகாபிட் லேன் துளை உள்ளது), நல்லதென்று தெரிந்த ஒரு லேன் கேபிள், போனில் சிக்னல் அளவும் சேனல் எண்ணும் காட்டும் ஒரு வைஃபை செயலி, ஒரு மல்டிமீட்டர், ஒரு பேப்பர் பேனா. இவ்வளவு போதும். குறை சொல்லும் நேரத்திலேயே போக வேண்டும். இரவு எட்டு மணிக்கு இழுக்கிறது என்றால் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

படி 1: ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியில் லேன் கேபிளை நேராகச் செருகி வேகத்தை அளக்கவும். சில இணைப்புகளில் இதற்கு யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியிருக்கும். இங்கேயே வேகம் இல்லையென்றால் குற்றம் வெளியே. வைஃபையைத் தொடவே வேண்டாம். கம்பெனிக்குப் புகார் எழுதச் சொல்லுங்கள்.

படி 2: அடுத்து ரூட்டரின் லேன் துளையில் செருகி அளக்கவும். முதல் படியில் வந்தது இங்கே வரவில்லையென்றால் குற்றம் ரூட்டரின் துளையில், அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிளில்.

படி 3: ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸில் அளக்கவும். பிறகு அதே இடத்தில் 2.4-ல் அளக்கவும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சோதனை முடியும் வரை வேறு வேறு பெயர் வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் போன் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் குழம்புவோம்.

படி 4: எந்த அறையில் குறையோ அங்கே போய் இரண்டு பட்டையிலும் சிக்னல், வேகம் இரண்டையும் குறிக்கவும்.

படி 5: அதே அறையில் 'பிங்' சோதனை. முதலில் ரூட்டரின் சொந்த முகவரிக்கு நூறு முறை. (பல வீடுகளில் இது 192.168.1.1 ஆக இருக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்கவும்.) பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு நூறு முறை. ரூட்டருக்கே போகிற பிங் 3 மில்லிசெகண்டிலிருந்து 300-க்குத் தாவினால், குற்றம் வீட்டுக்குள், காற்றில். ரூட்டர் பிங் ஒழுங்காக இருந்து வெளி பிங் மட்டும் தாவினால் குற்றம் வெளியே. செலவில்லாத இந்தச் சோதனை பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

ஒரு வீட்டுக் கணக்கு

இந்த ஐந்து படிகளும் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு நான் பார்த்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

கீழும் மேலுமாக இரண்டு தளம். மாடியில் பின்பக்க அறையில் உட்கார்ந்து ஒரு அக்கா வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். இரவு ஏழு முதல் ஒன்பது வரை வகுப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் படம் உறைந்துபோகும்.

"மூணு வீட்ல பீஸைத் திருப்பிக் கேட்டுட்டாங்க தம்பி. பாதி கணக்குல உறைஞ்சு நின்னா அவங்களும் என்ன செய்வாங்க? வீட்டு லோன் தவணையே இந்த டியூஷன்லதான் போகுது. இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா நிறுத்திட வேண்டியதுதான்" என்றார்.

ஏற்கெனவே இரண்டு பேர் யோசனை சொல்லியிருந்தார்கள். இணைப்புக் கம்பெனியில் போனில் பேசியவர், "200 பிளானை 300 ஆக்கிக்கோங்க மேடம்" என்றாராம். கடைக்காரர், "நாலாயிரத்துல புது ரூட்டர் இருக்கு, போட்டா பறக்கும்" என்றாராம். இரண்டையும் செய்ய அக்கா தயாராகத்தான் இருந்தார்.

"அக்கா, காசு எடுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். இரவு ஏழரை மணிக்கு எடுத்த அளவுகள் இவை:

ஓ.என்.டி.யில் நேராகக் கேபிள்: 196 எம்.பி.பி.எஸ்.
ரூட்டரில் கேபிள்: 94.
ஹாலில் இரண்டு மீட்டரில், 5 கிகாஹெர்ட்ஸ்: 91.
ஹாலில் இரண்டு மீட்டரில், 2.4 கிகாஹெர்ட்ஸ்: 22.
மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ்: சிக்னல் மைனஸ் 83, இணைப்பு அடிக்கடி அறுந்தது.
மாடி அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ்: சிக்னல் மைனஸ் 74, வேகம் 4.
மாடி அறையிலிருந்து ரூட்டருக்குப் பிங்: 3 முதல் 400 மில்லிசெகண்ட் வரை, நூற்றுக்கு 12 தொலைந்தது.

இந்தச் சீட்டை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு விஷயம் சொல்கிறது.

முதல் வரி: வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை.

இரண்டாம் வரி: 196 உள்ளே வந்து 94 ஆகிறது. நடுவில் உள்ள கேபிளை மாற்றிப் போட்டேன். அப்போதும் 94. ஆக, கேபிளில் குற்றமில்லை. ரூட்டர் துளையே 100 வகை. அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தால் அதுவே அச்சடித்திருந்தது. அப்படியென்றால் அந்த வீடு வாங்கி வைத்திருக்கும் 200 பிளானிலேயே பாதி வீணாகிக்கொண்டிருக்கிறது. 300 போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வீண்!

மூன்றாம் வரி: 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ நன்றாக வேலை செய்கிறது.

நான்காம் வரி: ரூட்டர் பக்கத்திலேயே நின்றாலும் 2.4-ல் 22 தான். செயலியில் பார்த்தேன். பக்கத்து வீடுகளின் வைஃபை சேனல் 1-லும் 6-லும் பலமாக இருந்தன. இந்த ரூட்டரோ தானாகவே சேனல் 4-ஐ எடுத்து, 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் இடி வாங்கும் இடம்.

கடைசி மூன்று வரிகள்: ரூட்டர் கீழ்த்தளத்தில், முன்பக்க ஹாலில், டி.வி.க்குப் பின்னால், ஷோகேஸுக்குள் இருந்தது. அங்கிருந்து மாடிப் பின்அறைக்கு ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும். அதைக் குறுக்காகத் தாண்டி வர வேண்டும். வீடியோ பேச்சுக்கு 3, 4 எம்.பி.பி.எஸ். இருந்தாலே போதும், ஆனால் அது சீராக வர வேண்டும். நூற்றுக்கு 12 பொட்டலம் தொலைந்தால் எந்தப் பிளானும் காப்பாற்றாது.

செய்த வேலை இவ்வளவுதான். ஓ.என்.டி. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அங்கிருந்து மாடிப்படி ஓரமாக 15 மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்து, ரூட்டரை மட்டும் மாடியில் படி முடியும் இடத்தில், ஆள் உயரத்தில் மாட்டினேன். 2.4 பட்டையைச் சேனல் 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிலைப்படுத்தினேன். கேபிள், கிளிப், இரண்டு ஆர்.ஜே.-45 தலை எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மறுநாள் இரவு அதே ஏழரை மணிக்கு அளந்தபோது, டியூஷன் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 56, வேகம் 90. பிங் 2 முதல் 6 மில்லிசெகண்ட், தொலைந்தது பூஜ்யம். கீழே ஹாலுக்கும் படிக்கட்டுத் திறப்பு வழியாக மைனஸ் 64 கிடைத்தது, டி.வி.க்கு அது தாராளம். வாங்காத ரூட்டர் வாங்காததாகவே இருந்தது. 200 பிளானை அக்கா அடுத்த மாதம் 100 ஆகக் குறைத்துக்கொண்டார். கொடுக்கும் காசுக்கும் ரூட்டரின் துளைக்கும் இப்போது சரியாகிவிட்டது. டியூஷன் நடக்கிறது.

அடிக்கடி காணும் குறைகள்

எல்லா வீட்டிலும் இதே காரணம் இருக்காது. மற்ற அறிகுறிகளும் பரிகாரமும் கீழே.

1. கிகாபிட் ரூட்டராக இருந்தும் கேபிளில் 94 தாண்டவில்லை: 100 வகைக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் கருவி சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். தலையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

2. சாயங்காலம் மட்டும் இழுக்கிறது: ஓ.என்.டி. கேபிளிலும் இழுத்தால் கம்பெனி பக்கம் நெரிசல். கேபிளில் சரியாக இருந்து 2.4-ல் மட்டும் இழுத்தால் சேனல் நெரிசல். இப்பட்டையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. (மைய அதிர்வெண்கள் 2412, 2437, 2462.) "எல்லாரும் 1-லயும் 6-லயும் இருக்காங்க, நாம 3-க்குப் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றன் பேச்சை ஒன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். நடுவில் போய் உட்கார்ந்தால் இரு பக்கப் பேச்சும் வெறும் இரைச்சலாகத்தான் விழும்.

3. 5 கிகாஹெர்ட்ஸ் எப்போதாவது ஒரு நிமிடம் மறைந்து திரும்ப வருகிறது: சேனல் எண் 52-க்கும் 144-க்கும் இடையில் இருக்கிறதா பாருங்கள். இவை ராடாருடன் பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ராடார் என்று சந்தேகம் வந்தாலே ரூட்டர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த வரிசையில் புதிய சேனலுக்குப் போனாலும் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். வீட்டுக்கு 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வைத்தால் தொல்லை இல்லை.

4. ரூட்டரே அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது: அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் அடாப்டரைச் சும்மா அளந்தால் 12 காட்டும். ரூட்டர் ஓடும்போது அளந்தால் வெகுவாக இறங்கினால் உள்ளே கப்பாசிட்டர் போய்விட்டது. மாற்றும்போது வோல்டேஜும் பின்னின் துருவமும் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். சூடான செட்-டாப் பாக்ஸ் மேல் ரூட்டரை வைப்பதும் கூடாது.

5. ஒரே ஒரு பழைய கருவி வந்து சேர்ந்ததும் 2.4-ல் எல்லோருக்கும் இழுக்கிறது: காற்று பொதுச் சொத்து. தூரத்தில் இருக்கும் கருவி 6 எம்.பி.பி.எஸ்.-ல் பேசினால், 60-ல் பேசும் கருவி ஒரு நொடியில் முடிப்பதை அது பத்து நொடி எடுத்துக்கொள்ளும். அதுவரை மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கும் டி.வி., லேப்டாப் போன்றவற்றைக் கேபிளுக்கோ 5 கிகாஹெர்ட்ஸுக்கோ மாற்றிவிட்டால் 2.4 இலகுவாகும்.

6. எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இணைப்பு வேகம் 54-ஐத் தாண்டவில்லை: பாதுகாப்பு முறை பழைய 'டபிள்யூ.இ.பி.' அல்லது 'டிகிப்' என்று இருக்கும். இவற்றோடு புதிய வேகங்களைப் பயன்படுத்த விதியில் இடமில்லை. 'டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.இ.எஸ்.' என்று மாற்றுங்கள். வேகமும் வரும், பாதுகாப்பும் வரும்.

7. ஒருவர் வீடியோ அனுப்பினால் வீடு முழுவதும் நின்றுவிடுகிறது: மேலே அனுப்பும் வழி நிரம்பி, மற்ற பொட்டலங்கள் ரூட்டரின் வரிசையில் தேங்குகின்றன. போன்கள் தாமாகப் போட்டோ ஏற்றுவதை இரவு தூங்கும் நேரத்துக்கு மாற்றலாம். ரூட்டரில் முன்னுரிமை தரும் வசதி இருந்தால் அதையும் போடலாம்.

8. லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் செருகியதும் 2.4 படுத்துவிடுகிறது: யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 பட்டையில் இரைச்சல் கிளப்பும் என்பது தெரிந்த விஷயம். டிஸ்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

9. ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது: ஃபைபர் ஒளி வரவில்லை. கேபிள் கதவில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது! அதில் வருவது அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ரிப்பீட்டர் பற்றி ஒரு வார்த்தை

"சிக்னல் வராத ரூம்ல ஒரு ரிப்பீட்டர் மாட்டினா போதும்ல?" என்று கேட்பார்கள். சிக்னலே வராத அறையில் மாட்டினால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில்தான் மாட்ட வேண்டும். அப்போதும், ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேபிள் இழுக்க முடிந்த வீட்டில் கேபிளே ராஜா. அதுவும் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும்.

பயிற்சி

(அ) 300 பிளான் உள்ள வீட்டில் ஓ.என்.டி. கேபிளில் 290, ரூட்டர் கேபிளில் 94. ரூட்டர் கிகாபிட் வகை. நீங்கள் மாற்றிப் பார்க்க வேண்டிய முதல் பொருள் எது?

(ஆ) திறந்த ஹாலில் 3 மீட்டரில் மைனஸ் 45 இருக்கிறது. 12 மீட்டரில் எவ்வளவு இருக்கும்? (தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.)

(இ) பக்கத்து வைஃபைகள்: சேனல் 6-ல் மைனஸ் 50, சேனல் 9-ல் மைனஸ் 55, சேனல் 1-ல் மைனஸ் 85. 11-ல் யாரும் இல்லை. எந்தச் சேனல் நல்லது?

விடைகள்: (அ) ஓ.என்.டி.க்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள கேபிள். (ஆ) இரண்டு முறை இரட்டிக்கிறது. எனவே 12 குறைந்து மைனஸ் 57. (இ) சேனல் 1. 11 காலியாகத் தெரிந்தாலும் 9-ல் இருப்பவர் அதன் மேல் பாதி படுத்திருக்கிறார். 1-ல் இருப்பவரோ வெகு தொலைவில் முணுமுணுக்கிறார்.

முடிவாக

நண்பர்களே! ஆசிலேட்டர் லேபில் அளவு எடுத்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதே பழக்கத்தைத்தான் வீடுகளுக்கும் கொண்டுபோகச் சொல்கிறேன். எங்கே போனாலும் அளவுகளை ஒரு சீட்டில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கம்பெனியோடு பேசும்போது அந்தச் சீட்டு அவருக்குத் துணை. நாளைக்கு வேறொருவர் வந்து பார்த்தாலும் எங்கிருந்து தொடங்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

புது ரூட்டர் உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உண்டு. அங்கே தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் "வாங்குங்க" என்பதற்கு முன்னால் "இதோ பாருங்க, இந்த இடத்துலதான் குறையுது" என்று விரல் வைத்துக் காட்ட நம்மால் முடிய வேண்டும். தொழில் தெரிந்தவர் என்று நம்மை நாலு பேர் நம்புவதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.